சைவக் கேப்சூல்

நாமகிரிப்பேட்டை
27-8-1984

சிரஞ்சீவி தம்பி வேலுசாமிக்கு,

அக்கா சௌந்திரம் அனேக ஆசிகளோடு எழுதுவது. நீயும் கந்தம்மாளும் பிள்ளைகளும் திருச்செங்கோட்டு ஈசன் துணையால் தேக சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கோழிகள் எல்லாம் சுகம். நானும் சுகம். வழக்கமாக என்னைத்தான் முதலில் எழுதுவேன். இந்த முறை உண்மைக்கு மரியாதை கொடுத்து வரிசையை மாற்றியிருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காரோடு வந்து என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய் மாடி அறையில் குடிவைக்கப் போவதாகவும், பண்ணையைக் குத்தகைக்கு விட ஆள் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் தனியாக இருக்கக்கூடாது என்று எழுதி, அதற்கு அடியில் கோடு வேறு போட்டிருக்கிறாய். கோடு கோணல். அது போகட்டும். தீவனக்கார சின்னண்ணன் மூட்டை வாங்க அங்கே வந்தபோது உன்னிடம் ஏதேதோ சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. இந்தக் கதையில் தன் பங்கு என்ன என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார். அதையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன். படித்து முடித்ததும் நீ வர வேண்டிய அவசியமே இல்லை என்பது உனக்கே விளங்கும்.

ஆடி மாதம் பெய்த மழையில் கிணற்றுத் தண்ணீர் கலங்கியது. கோழிகள் குடிக்கும் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவது என் கையால்தான். வேறு யாரும் அளந்தால் எனக்குத் திருப்தி இருக்காது. கரண்டியின் மேல் குவிந்திருப்பதைக் கத்தி முனையால் வழித்துவிட்டுத்தான் போடுவேன். இந்த மாவட்டத்தில் என் கோழிகள் அளவுக்குச் சுத்தமான தண்ணீர் குடிக்கிற ஜீவன் வேறு இல்லை. ஆனால் எனக்கு அந்த வாடை ஆகாது. அதனால் நான் மட்டும் கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, காய்ச்சாமல், வெள்ளி டம்ளரில் குடித்து வந்தேன். துணி வெள்ளையாகவும் டம்ளர் வெள்ளியாகவும் இருந்தால் கிருமி வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன் போல. கான்வென்டில் எங்களுக்குச் சுகாதாரப் பாடம் நடத்திய மதர் இதைக் கேள்விப்பட்டால், கல்லறையிலிருந்து எழுந்து வந்து என்னைப் பெஞ்சின் மேல் நிற்க வைப்பார்.

காய்ச்சல் வந்தது. வந்தது என்றால் ஒரேயடியாக வரவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரி முதலில் சாயங்காலம் மட்டும் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. பிறகு தங்கிவிட்டது. சுக்குக் கஷாயத்துக்கும் மிளகு ரசத்துக்கும் அடங்கவில்லை. ராசிபுரத்திலிருந்து டாக்டர் ரஹமத்துல்லா வந்து பார்த்து, ரத்தம் எடுத்துச் சேலத்துக்கு அனுப்பி, டைபாய்டு என்று சொன்னார். அவரை உனக்குத் தெரியாது. ஐம்பது வயது இருக்கும், மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. குளோரம்பெனிகால் கேப்சூல் ஒரு பாட்டில் கொடுத்து, கட்டிலின் அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பொறுமையாக எல்லாம் சொன்னார். வேளை தவறக்கூடாது. தப்பித்தவறி விட்டுப்போனால் அடுத்த வேளையோடு சேர்த்து இரண்டாகப் போடக்கூடாது. காய்ச்சல் விட்டதும் மருந்தை விடக்கூடாது, சொன்ன நாள் வரை சாப்பிட்டே தீர வேண்டும். இது சாதாரணக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற மருந்து அல்ல, சிலருக்கு ரத்தத்தையே குறைத்துவிடும், ஆகவே நடுவில் ரத்தம் சோதிக்க வேண்டும். தொண்டை ரணமானாலோ, உடம்பில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ உடனே ஆள் அனுப்ப வேண்டும். வேறு என்ன மருந்து சாப்பிட்டாலும் தன்னிடம் சொல்ல வேண்டும். மீதி இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தூக்கிக் கொடுக்கக்கூடாது. அவர் சொல்லி முடித்ததும், ஒரு சொல் விடாமல் நான் திருப்பி ஒப்பித்தேன். இப்படி ஒரு நோயாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்குக் காய்ச்சலிலும் பெருமை தாங்கவில்லை. ஒப்பிப்பது ஒன்று, கேட்டு நடப்பது வேறு என்பது பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர்களுக்குக் கடைசி வரை தெரிவதில்லை.

மறுநாள் சின்னண்ணன் தீவன மூட்டைகளோடு வந்தார். வாசலில் இறக்கிவிட்டுப் போக வேண்டியவர், என் உடம்பைப் பற்றி விசாரிக்கிறேன் என்று உள்ளே வந்தார். மேஜை மேல் இருந்த பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோழித் தீவனத்தில் எலும்புத் தூள் கலப்பது உனக்குத் தெரியும். அந்தத் தூள் வாங்குகிற ஆலைக்கெல்லாம் போய் வருகிறவர் அவர்.

"ஏனுங்கம்மா, நீங்க போயி இதையா முழுங்கறீங்க? இந்தக் கூடு எலும்புல பண்றதுங்க. எலும்பைக் காச்சிப் பசை எடுப்பாங்க. அந்தப் பசைதானுங்க இது. உள்ள இருக்கறது வேணா மருந்துங்க. மேல இருக்கறது மாடுங்க."

வேலுசாமி, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். உன் மச்சான் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மேச்சேரி ஆட்டுக்கறி இந்த வீட்டில் மணக்கும். நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டவள்தான், மறைப்பானேன். அவர் போன அன்று கறியை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. விரதமாக ஆரம்பித்தது, கொஞ்ச காலத்தில் கௌரவமாக மாறிவிட்டது. உன் மகன் கல்யாணத்தில் சமையற்கட்டுக்குள் புகுந்து, பாயச அண்டாவில் முந்தின நாள் என்ன வெந்தது என்று நான் சமையற்காரரைக் குறுக்கு விசாரணை செய்ததையும், கடைசியில் ஒரு வாழைப்பழத்தோடு நான் எழுந்ததையும், சம்பந்தி வீட்டார் முகம் போன போக்கையும் நீ மறந்திருக்க மாட்டாய். அப்படிப்பட்டவள் நேற்று இரவிலிருந்து மாட்டெலும்பை வெந்நீரோடு விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்றால், இனி ஊரில் யாருடைய அண்டாவை நான் எட்டிப் பார்க்க முடியும்?

நீ கேட்பாய், டாக்டரையே கேட்டிருக்கலாமே என்று. கேட்டிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் நேற்றுத்தான் எல்லாவற்றையும் ஒப்பித்து நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு ஆள் அனுப்பிச் சந்தேகம் கேட்டால் என்ன நினைப்பார்? தவிர, அவர் இஸ்லாமியர். மாட்டெலும்பைப் பற்றி அவரிடம் போய் எப்படிப் பேச்செடுப்பது, அவர் மனம் புண்படுமோ என்று நான் நாகரிகம் பார்த்தேன். என் அறியாமைக்கு நாகரிகம் என்று பேர் வைத்துக்கொண்டேன். சின்னண்ணன் இன்னொரு வழியும் சொன்னார். கோழிக்குக் கொடுக்கிற மருந்துப் பொட்டலம் இருக்கிறது, அதில் கூடும் கிடையாது ஒன்றும் கிடையாது, தண்ணீரில் கலக்கிக் குடித்துவிடலாம் என்றார். அதை மட்டும் நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். விவேகத்தினால் அல்ல. கோழி மருந்தை நான் சாப்பிடுவதா என்ற ஆங்காரத்தினால். என் ஆங்காரம் எனக்கு நல்லது செய்த இடம் இந்தக் கதையில் இது ஒன்றுதான், குறித்துக்கொள்.

ஆக, நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கேப்சூலை இரண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடியைத் தாளில் கொட்டி, கூட்டைச் சன்னல் வழியாக எறிந்துவிட்டு, பொடியை மட்டும் சாப்பிடுவது. அந்தப் பொடியின் கசப்பைப் பற்றி என்ன எழுத? வேப்பங்கொழுந்து அதற்கு முன்னால் கற்கண்டு. முதல் வேளை தேனில் குழைத்தேன். தேனும் சேர்ந்து வெளியே வந்தது. அடுத்த வேளை வெல்லப்பாகில் உருட்டினேன். உருண்டை நாக்கில் ஒட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. அப்புறம் வாழைப்பழத்தில் பொதிந்தேன், பழத்தை விழுங்கினேன், பாதிப் பொடி பல்லில் தங்கியது. ஒரு வேளை தாளில் கொட்டி வைத்திருந்ததை மேஜை விசிறி அள்ளிக்கொண்டு போய்ச் சுவரிலிருந்த காலண்டருக்குக் கொடுத்தது. காலண்டருக்கு இனி டைபாய்டு வராது. ஆனால் எதையும் நான் விடவில்லை, வேளை தவறாமல் மணி பார்த்துப் பிரித்தேன், மணி பார்த்துக் குழைத்தேன், மணி பார்த்து வாந்தி எடுத்தேன். ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு.

இதில் ஒரு மோசம் என்னவென்றால், உள்ளே தங்கிய அரைகுறை மருந்துக்கே காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. உடனே உனக்குக் கடிதம் போட்டேன், உடம்பு தேறிவிட்டது என்று. அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து படுத்தவளுக்குத்தான் திரும்பக் காய்ச்சல் ஏறியது. இந்த முறை எட்டிப்பார்க்கவெல்லாம் இல்லை, சீர்வரிசையோடு வந்து இறங்கியது. வயிற்றில் வலி, தொட்டால் உயிர் போகிறது. கண்ணை மூடினால் கோழி ஷெட்டின் கூரை இறங்கி நெஞ்சில் உட்காருகிறது. டாக்டர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

பொய் சொல்லக்கூடாது என்று மதர் எங்களுக்குப் பிரம்பால் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆகவே நான் பொய் சொல்லவில்லை. "ஒரு வேளைகூடத் தவறவில்லை" என்றேன். அது உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டே ஒரு மனிதரை இப்படி ஏமாற்ற முடியும் என்பதைக் கான்வென்டில் தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகவே தேறியது. டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் அடங்கவில்லை என்றால் இந்த மருந்துக்கு மசியாத கிருமியாக இருக்கும், உடனே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம், குடலில் ஓட்டை விழுந்துவிட்டால் பிறகு என் கையில் இல்லை என்றார். சேலம் என்றதும் எனக்குக் குளிர் எடுத்தது. அங்கே கொண்டுபோனால் உனக்குத் தந்தி போகும், நீ வருவாய், அதற்கப்புறம் இந்த வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்காது. குடலில் ஓட்டை விழுவதைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. என் புத்தி அன்றைக்கு இருந்த நிலை அது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது சென்னம்மாளின் மூக்கு. உனக்குச் சென்னம்மாளைத் தெரியும், ஷெட்டில் முட்டை பொறுக்குகிறவள், மூக்குப்பொடி இல்லாமல் அவளுக்கு மூச்சே ஓடாது. வெந்நீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தவள், டாக்டர் யோசனையில் இருக்கும் நேரம் பார்த்து இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு கேப்சூலை எடுத்தாள். லாகவமாக இரண்டாகப் பிரித்தாள். உள்ளே இருந்ததை விரலில் தட்டி ஓர் இழுப்பு இழுத்தாள்.

டாக்டர் எழுந்தே விட்டார். "ஏம்மா, மருந்தை மூக்குல போடச் சொன்னது எந்த டாக்டரு?"

"மருந்து இல்லீங்க, பொடிங்க. மருந்தை அவுங்கதான் வெல்லத்துல கொளைச்சுக்கறாங்களே. கூட்டைச் சன்னல்ல வீசறாங்க. கோழி கொத்துனாத் தொண்டையில சிக்கிக்குமுன்னு நாந்தான் பொறுக்கி வெச்சனுங்க. ஒரு இழுப்புக்குத் திட்டமா இருக்குதுங்க."

சென்னம்மாள் தும்மினாள். டாக்டர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவர் கத்தவில்லை. முதலில் சென்னம்மாளிடம், பொடி அடைத்த கேப்சூல் எதுவும் என் பாட்டிலுக்குள் போய்விடவில்லையே என்று விசாரித்தார். அவள், அது எப்படிங்க போகும், பொடி என்ன சும்மாவா கிடைக்குது என்று கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பு, பசை, விரதம், அண்டா எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, உங்கள் பண்ணை முட்டை லாரி லாரியாகக் கேரளம் போகிறதே, அதில் உங்கள் விரதம் எங்கே இருக்கிறது என்றார். சேவல் இல்லாத முட்டையில் உயிர் கிடையாது, அது சைவம் என்று நான் வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன். அப்படியானால் காலையில் இரண்டு அவித்துத் தரச் சொல்லட்டுமா, உடம்புக்குத் தெம்பு வரும் என்றார். அந்த ஆத்மாவுக்கு வக்கீல் தொழில் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "அம்மா, இந்தக் கூடு எந்தப் பிராணியோட எலும்புங்கற கேள்வி எனக்கும் உண்டுங்க. எங்களுக்கும் ஆகுறது ஆகாததுன்னு இருக்குதில்லீங்களா? நான் எங்க பெரியவங்களைப் போய்க் கேட்டேன். உயிரைக் காப்பாத்துற மருந்துன்னா தடை இல்லைன்னாங்க. நான் கேட்டேன். நீங்க கேட்கலை. கேட்டிருந்தா, இதே மருந்து குழந்தைங்களுக்குச் சிரப்பா வருதுன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

சிரப். இனிப்பாக இருக்குமாம். நான் காலண்டருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போதாவது அந்தச் சிரப்பைக் கொடுங்கள் என்றேன். அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை, இந்த நிலையில் கேப்சூல்தான் தனக்கு நம்பிக்கை என்று சொல்லிவிட்டார். அரைகுறையாக மருந்து பட்ட கிருமி அடிபட்ட பாம்பு மாதிரி, விட்டால் திருப்பிக் கொத்தும் என்றார். நீங்கள் சொன்னதை நம்பி நான் வேறு மருந்துக்குத் தாவியிருப்பேன், அதுவும் சேர்ந்து உங்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கும் என்றார். நாளைச் சாயங்காலம் வரை பார்ப்பேன், வலி கூடினால் உங்களைக் கேட்க மாட்டேன், தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு சேலம் போய்விடுவேன் என்றும் சொன்னார். கையில் குளுக்கோஸ் ஏற்றினார். உள்ளங்கையில் ஒரு கேப்சூலை வைத்தார். காய்ச்சி ஆறின தண்ணீர் கொடுத்தார். நான் அந்தக் கேப்சூலைப் பார்த்தேன். பாதி வெள்ளை, பாதி பச்சை. இவ்வளவு சின்னப் பொருளுக்குள் என் விரதம், கான்வென்ட், அண்டா, சாவிக்கொத்து எல்லாம் அடங்கிவிட்டதே என்று இருந்தது. உன் மச்சான் இருந்திருந்தால், முழுங்கித் தொலை சௌந்திரம் என்றிருப்பார். முழுங்கித் தொலைத்தேன். ஒன்றும் ஆகவில்லை, வேலுசாமி. ஒரு ருசியும் இல்லை. இதற்கா இத்தனை கூத்து.

சேலம் போகவில்லை. மறுநாள் வலி கூடவில்லை. அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. ரத்தம் சோதித்தார்கள், அதிலும் குறை இல்லை. இப்போது கஞ்சி, குழைந்த சோறு, மோர். காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. ஆனாலும் டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்துவதாக இல்லை. சின்னண்ணன் முந்தாநாள் வயிற்றுப்போக்கு என்று வந்து, உங்களுக்குத்தான் குணமாகிவிட்டதே, மீதியில் இரண்டு கொடுங்களேன் என்று கேட்டார். ராசிபுரம் பஸ் ஏறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கிணற்றுத் தண்ணீருக்கு இப்போது பிளீச்சிங் பவுடரும் உண்டு, கொதியும் உண்டு. என் கோழிகளும் நானும் இன்றைக்குச் சமமான அந்தஸ்தில் இருக்கிறோம்.

இப்போது சொல், தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவளா நான்? தவறு செய்தேன், திருந்தினேன், மணி அடித்தாற்போல் மருந்து சாப்பிடுகிறேன். உன் மாடி அறையில் வேறு யாரையாவது குடிவை. குத்தகைக்காரரிடம் நாசூக்காகச் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம், பெட்ரோல் மிச்சம்.

கந்தம்மாளுக்கு என் அன்பு. அவள் மூட்டுவலிக்கு யார் எதைச் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று சொல், இதை நான் சொல்வதைக் கேட்டு அவள் சிரிக்கட்டும். பிள்ளைகள் பல்லாண்டு வாழ்க. உங்கள் அடுப்பும் விளக்கும் என்றும் எரிய அம்மன் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள அக்கா,
சௌந்திரம்

பின் குறிப்பு: உறையை ஒட்டப் போனபோதுதான் மேஜை மேல் பார்த்தேன், மதிய வேளைக் கேப்சூல் அங்கேயே இருக்கிறது. மணி அடித்தாற்போல் சாப்பிடுகிறேன் என்று எழுதிய மும்முரத்தில் அதைச் சாப்பிடவில்லை. சாயங்கால வேளையும் வந்துவிட்டது. விட்டதைச் சேர்த்து ஈடுகட்டிவிடலாம் என்று இரண்டையும் ஒன்றாக வாயில் போடப் போனேன். சென்னம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாப் போடக்கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே சாமி, நீங்களும் ஒப்பிச்சீங்களே" என்றாள். ஒன்றுதான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை வா. காரில் என் பெட்டிக்கு இடம் வைக்காதே, உன் பெட்டியை எடுத்து வா. மருந்து முடிகிற வரை இங்கேயே இரு. ஒவ்வொரு வேளையும் எதிரில் உட்கார்ந்து, விழுங்கினேனா என்று வாயைத் திறந்து காட்டச் சொல். திட்டுவேன். காதில் வாங்காதே.